ஓய்வு பெற்ற பின் ஒரு திராட்சைப் பந்தல்

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் முன்பாகவே பன்னீர் திராட்சைப் பந்தல்கள் கண்ணில் படத் தொடங்கும். அவற்றுள் ஒன்று எண்பது சென்ட் தோட்டம். சாலையோரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் ஒரு மேஜை. மேஜை மேல் இரண்டு எவர்சில்வர் தட்டுகள். இரண்டிலும் கறுத்த திராட்சை. பார்வைக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது. வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள் விலை கேட்டால், தோட்டக்காரப் பெரியவர் விலை சொல்வதில்லை. "முதல்ல இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க, விலையை அப்புறம் சொல்றேன்" என்கிறார்.

முதல் தட்டுப் பழம் பல்லைக் கூசவைக்கும். இரண்டாவது தட்டுப் பழத்தில் பன்னீர் மணமும் இனிப்பும் சேர்ந்து வரும். இரண்டும் ஒரே தோட்டத்துப் பழம். ஒரே எருவும் ஒரே தண்ணீரும் கண்டவை. முதல் தட்டில் இருப்பது கவாத்து செய்த நூறாவது நாள் பறித்தது. இரண்டாவது நூற்றிருபதாவது நாள் பறித்தது. இந்த இருபது நாளைத்தான் அவர் விற்கிறார் என்று சொல்லலாம்.

அவர் பரம்பரைத் திராட்சை விவசாயி அல்லர். முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். அதிலும் பெரும்பாலான ஆண்டுகள் இதே சாலையில். 2014-ல், 58 வயதில், ஓய்வு பெற்றார். தகப்பனார் வழியில் வந்த ஒரு ஏக்கர் நிலம் அதுவரை குத்தகையில் இருந்தது. பணிக்கொடை கைக்கு வந்தபோது வீட்டில் இரண்டு யோசனைகள் எழுந்தன. வெளியூரில் வேலை பார்க்கும் இரு மகன்களும், "சாலையோர நிலம், மனையாகப் போட்டால் நல்ல விலை வரும், பணத்தை வங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்" என்றார்கள். அவர் மனைவி மட்டும் வேண்டாம் என்றார். அவர் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சை போடும் குடும்பத்தில் பிறந்தவர். கவாத்துக் கத்தரி பிடிக்க வீட்டில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இடத்துக்கு ஏற்ற கடை

பெரியவருக்குக் கொடி பற்றித் தெரியாவிட்டாலும் சாலையைப் பற்றி நன்றாகத் தெரியும். எந்த வண்டி எங்கே நிற்கும், எந்த இடத்தில் டீ குடிக்க இறங்குவார்கள், எந்த வளைவில் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். அவருடைய நிலம் குமுளியிலிருந்து இறங்கி வரும்போது இடது கைப் பக்கம் இருக்கிறது. "மலை ஏறுற வண்டி நிக்காது. தேக்கடி போய்ச் சேரணும்கிற அவசரம் அவங்களுக்கு. இறங்குற வண்டிதான் நிக்கும். ஊருக்கு ஏதாவது வாங்கிட்டுப் போகணுமேன்னு தேடுவாங்க. அவங்க இடது பக்கம் ஒதுங்குறது சுலபம்" என்கிறார். சபரிமலைக் காலத்தில் இது இன்னும் பொருந்தும். கூட்டம் மிகும் நாட்களில் மலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, திரும்பி வருவோரைக் குமுளி வழியாக இறக்குவது வழக்கம். கார்த்திகை, மார்கழியில் அந்தப் பக்கமிருந்து வரும் வண்டிகள் ஏராளம்.

சாலையோர நிலம் உள்ள விவசாயிகள் கடை போட எண்ணினால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். நிலம் எந்தப் பக்கம், வண்டி ஒதுங்க இடம் உண்டா, தூரத்திலிருந்தே ஓட்டுநர் கண்ணில் படுமா என்று பார்க்க வேண்டும். இந்தத் தோட்டத்தில் சாலையை ஒட்டிய இருபது சென்ட்டில் ஒரு கொடிகூட நடவில்லை. வண்டி நிறுத்தவும் கொட்டகைக்குமாக விட்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் அப்போது சிரித்தார்களாம். பிறகு அவர்களில் இருவர் அதே மாதிரி இடம் விட்டார்கள்.

பந்தலும் நடவும்

கம்பம் பள்ளத்தாக்கில் மேற்குத் தொடர்ச்சி மலையும் மேகமலையும் இருபுறமும் அரணாக நிற்கின்றன. 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் நடுவில் ஓடுகிறது. மஸ்கட் ஹாம்பர்க் என்று வெளிநாட்டில் பெயர் பெற்ற பன்னீர் திராட்சை இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் காய்த்துக்கொண்டே இருக்கும். தமிழகத்துக்கு இதை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. மாநிலத்தில் விளையும் பன்னீரில் சுமார் 85 விழுக்காடு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே வருகிறது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நடவுக்கு ஜூன், ஜூலை ஏற்ற மாதங்கள். பன்னீருக்குக் குழி எடுப்பதைவிட வாய்க்கால் போல இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் பள்ளம் வெட்டி, தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து மூடி, வேர் விட்ட குச்சிகளை நடுவது நல்லது. வரிசைக்கு வரிசை 3 மீட்டர், செடிக்குச் செடி 2 மீட்டர். இந்தக் கணக்கில் ஏக்கருக்கு 670 கொடிகள் வரும். இவருடைய எண்பது சென்ட்டில் ஏறக்குறைய 530 கொடிகள் இருக்கின்றன.

ஒரே தண்டாகக் கொடியை ஊன்றுகோலில் கட்டி மேலே ஏற்ற வேண்டும். ஏழடி உயரத்தில் பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் இரு பக்கமும் கிளை ஓடும். பந்தலுக்குக் கல்தூணும் ஜி.ஐ. கம்பியும் வேண்டும். பணிக்கொடையில் பாதிக்கு மேல் அதற்கே போய்விட்டது. அந்த ஓராண்டும் வீட்டில் சரியாகப் பேச்சு வார்த்தை இல்லை என்று மனைவி சிரித்துக்கொண்டே சொல்கிறார். முதல் பழம் 2016 தொடக்கத்தில்தான் கண்ணில் பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஓய்வூதியம் இருந்ததால் சமாளித்தார்கள். கையிருப்பு முழுவதையும் பந்தலில் போட்டுவிட்டு அடுத்த மாதமே வருமானம் எதிர்பார்ப்பவர்களுக்குத் திராட்சை ஏற்ற பயிர் அல்ல. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு விழுக்காடு மானியம் உண்டு. அதையாவது முதலிலேயே தோட்டக்கலைத் துறையில் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ள வேண்டும். இவர் அதை மூன்றாவது ஆண்டில்தான் செய்தார். அதுவரை வாய்க்கால் பாய்ச்சல். வேலையும் களையும் இரட்டிப்பு.

கறுத்தால் பழுத்ததாகாது

முதல் அறுவடையை வியாபாரியிடம் கொடுத்தார்கள். வழக்கம்போல வியாபாரி முன்பணம் கொடுத்து, ஆட்களைக் கூட்டிவந்து பறித்துக்கொண்டு போனார். பறித்த நாள், கவாத்து செய்து நூற்று மூன்றாவது நாள். "பழம் கறுத்துருச்சு, வெளியூர் மார்க்கெட்ல இப்பத்தான் விலை" என்றார் வியாபாரி. அவர் கணக்கில் தவறில்லை. பன்னீர் தோல் மெலிந்த பழம். நன்றாகக் கனிந்தபின் லாரியில் நெடுந்தூரம் போனால் பாதி உதிர்ந்து நசுங்கிவிடும். அதனால் சற்றுக் காயாக இருக்கும்போதே வெட்டுகிறார்கள். கெடுதல் தின்கிறவர்களுக்குத்தான். பன்னீர் திராட்சையில் கறுப்பு நிறம் முதலில் ஏறிவிடும். இனிப்பு பின்னால்தான் வரும். வாழை, மா போலத் திராட்சை பறித்தபின் பழுப்பதில்லை. கொடியில் ஏறாத இனிப்பு கூடையில் ஏறாது. புளித்த பன்னீரை ஒருமுறை வாங்கித் தின்றவர் அடுத்த முறை விதையில்லாப் பச்சைத் திராட்சை வாங்கப் போய்விடுகிறார். நாசிக் திராட்சை சந்தையைப் பிடித்ததற்கு அதன் ருசி மட்டும் காரணமில்லை. நம் பழத்தை நாமே காயாகக் கொடுத்ததற்கும் அதில் பங்கு உண்டு.

அந்த அறுவடையில் வேலியோரம் விட்டுப்போன சில குலைகளை இரண்டு வாரம் கழித்து மனைவி பறித்தார். சாலையில் நின்ற ஒரு கோட்டயம் குடும்பம் அதைத் தின்று பார்த்துவிட்டு, "இன்னும் உண்டா?" என்று கேட்டது. இரண்டு தட்டு யோசனை அங்கே பிறந்தது.

இப்போது நாள் கணக்கை மட்டும் நம்புவதில்லை. கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். ஒரு சொட்டுச் சாற்றைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இனிப்பின் அளவு பிரிக்ஸ் கணக்கில் தெரியும். மின்சாரம் வேண்டாம். ஒரு பழத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. குலையின் தோள் பக்கம் முதலில் இனிக்கும், அடி நுனி கடைசியில். ஆகவே நுனிப் பழத்தைச் சோதிக்க வேண்டும். நுனியில் 16-க்கு மேல் காட்டினால்தான் இவர் கத்தரி வைக்கிறார். மழை பெய்த மறுநாள் பார்த்தால் அளவு குறைந்து காட்டும். இரண்டு நாள் வெயில் கண்டபின் பார்க்க வேண்டும்.

நான்கு பங்காகக் கவாத்து

தோட்டம் முழுவதும் ஒரே நாளில் கவாத்து செய்தால் பழம் முழுவதும் ஒரே வாரத்தில் பழுக்கும். வியாபாரிக்கு அது வசதி, கடைக்கு அல்ல. சாலைக் கடையில் சாதாரண நாளில் 25 கிலோ போகும். ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாட்களில் 80, 90 கிலோ வரை போகும். அதற்கு மேல் வழியில்லை. ஆகவே தோட்டத்தை நான்கு பங்காகப் பிரித்து, இருபது நாள் இடைவெளியில் ஒவ்வொரு பங்காகக் கவாத்து செய்கிறார்கள். டிசம்பர் முதல் பாதியில் முதல் பங்கு, பிப்ரவரியில் நான்காவது பங்கு. பழம் ஏப்ரலில் தொடங்கி ஜூன் கடைசி வரை வருகிறது. அறுவடைக்குப் பிறகு ஒரு மாதம் ஓய்வு கொடுத்து, ஜூன் தொடங்கி அடுத்த கவாத்து. அந்தப் பழம் செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை.

கவாத்தில் மனைவி கண்டிப்பானவர். பென்சில் கனம் உள்ள கிளையில் நான்கு கணு விட்டு வெட்ட வேண்டும். பன்னீருக்கு அதுவே அளவு. பென்சிலைவிட மெலிந்த கிளையில் ஒன்று அல்லது இரண்டு கணு மட்டும் விட்டு, அதை அடுத்த பருவத்துக்கு வளர விடவேண்டும். ஆசைப்பட்டு மெலிந்த கிளையிலும் குலை விட்டால் அந்தக் குலையும் தேறாது, கிளையும் தேறாது. வெட்டியபின் கிளைகளைக் கம்பியில் பரப்பிக் கட்டுவது, பற்றுக்கொடிகளையும் பக்கத் துளிர்களையும் கிள்ளுவது, 12 முதல் 15 கணுவில் நுனி கிள்ளுவது என்று வேலை தொடரும். காய் பட்டாணி அளவு வந்ததும், நெருக்கமான குலைகளில் ஐந்தில் ஒரு பங்கு காய்களைக் கத்தரித்து நீக்கிவிட வேண்டும். காயை வெட்டிக் கீழே போட மனம் வராதுதான். ஆனால் நெருக்கமான குலையின் உள்ளே காற்றுப் போகாது. மழை ஈரம் தங்கி அழுகல் அங்கேதான் தொடங்கும்.

நான்கு பங்குக் கவாத்தில் தொல்லைகளும் உண்டு. நூற்றிமுப்பது கொடிக்கு மட்டும் கவாத்து ஆட்கள் வரத் தயங்குகிறார்கள். ஒரு நாள் வேலைகூட முழுதாக இராது. பக்கத்துத் தோட்டத்துக் கவாத்தோடு சேர்த்துப் பேசித்தான் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. மருந்து தெளிப்பதும் நான்கு கணக்கு. பெரிய ஆபத்து கடைசிப் பங்கில் இருக்கிறது. ஆகஸ்டு முதலில் கவாத்து செய்த அந்தப் பங்கு ஐப்பசி மழையில் காயாக நிற்கும், கார்த்திகையில் பழுக்கும். பழுக்கும் நேரத்தில் மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும். வெடித்த ஒரு பழம் குலையையே கெடுக்கும். இவருடைய கணக்குப்படி மூன்று ஆண்டில் ஓர் ஆண்டு அந்தப் பங்கில் பாதி போய்விடுகிறது.

தெரிந்தும் ஏன் விடாமல் செய்கிறார்கள்? ஐயப்ப பக்தர்கள் வரும் காலம் அது. விரதம் இருப்பவர்கள் பழத்தைக் கூடை கூடையாக வாங்குகிறார்கள். மழை தவறிய ஆண்டில் அந்த ஒரு பங்கு மற்ற இரண்டு பங்கின் வருமானத்தைக் கொடுத்துவிடுகிறது. "நாலாவது பங்கு லாட்டரிச் சீட்டுங்க" என்பது மனைவியின் கருத்து. அவருக்கு அது பிடிக்கவில்லை. பெரியவருக்குப் பிடிக்கிறது. ஒவ்வோர் ஆடியிலும் இதன் மேல் ஒரு விவாதம் நடக்கிறது.

நீலக் கறையும் வெள்ளைப் பூச்சும்

திராட்சையில் அடிச்சாம்பல் நோய்க்கு இன்றும் கைகொடுப்பது ஒரு விழுக்காடு போர்டோ கலவை. இது பிறந்த கதை சாலையோரத் தோட்டக்காரர்கள் அனைவருக்கும் பிடிக்கும். பிரான்சில் போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்க, சாலையை ஒட்டிய கொடிகளில் மட்டும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்துவைப்பார்கள். நீலக் கறையைக் கண்டு யாரும் தொடமாட்டார்கள். 1882-ல் அந்தப் பக்கம் போன மில்லார்டே என்ற பேராசிரியர், தோட்டத்தின் உள்ளே நோயில் இலை உதிர்ந்திருக்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதைக் கவனித்தார். ஆராய்ந்து 1885-ல் வெளியிட்டார். திருடனுக்காகப் பூசியது நோய்க்கு மருந்தாயிற்று.

நூறு லிட்டருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. இரண்டையும் தனித்தனியே ஐம்பது லிட்டர் நீரில் கரைத்து, மூன்றாவது பாத்திரத்தில் ஒரே சமயத்தில் ஊற்றிக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் நல்லது. இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியைக் கலவையில் சற்று நேரம் முக்கிப் பார்க்கவும். செம்புக் கறை படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சிறிது சேர்க்கவும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

கடை வைத்திருப்பவருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. பழத்தைத் தின்றுபார்க்கும் ஆட்கள் பந்தலுக்கடியில் நடக்கிறார்கள். குழந்தைகள் எட்டியதைப் பறித்து வாயில் போடுகிறார்கள். ஆகவே எந்தப் பங்கில் மருந்தடித்தாலும் அந்தப் பங்கின் வாசலில் கயிறு கட்டி, "மருந்து தெளித்துள்ளது, உள்ளே வரவேண்டாம்" என்று பலகை தொங்கவிடுகிறார்கள். மருந்துப் புட்டியில் போட்டுள்ள காத்திருப்பு நாள் முடிந்தபிறகே கயிறு அவிழும். ஒரு விடுமுறை நாளில் பலகையைப் பார்த்துவிட்டு ஒரு சுற்றுலாப் பேருந்து நிற்காமலே போயிற்று. அன்றைய வியாபாரம் போனது உண்மை. ஆனால் பலகையைக் கழற்ற மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. காய் கறுக்கத் தொடங்கியபின் அந்தப் பங்கில் தெளிப்பதை இயன்றவரை தவிர்க்கிறார்கள். நோய்க்கு எது, எத்தனை நாள் முன்பு என்ற சந்தேகத்துக்கு ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

பழத்தின் மேல் வெண்மையாகப் படிந்திருப்பதை மருந்து என்று எண்ணித் துணியால் துடைப்பவர்கள் பலர். அது பழம் தானே சுரக்கும் மெழுகு. விரலால் தேய்த்தால் போய்விடும். அது இருந்தால் பழம் அதிகம் கைபடாதது என்று அர்த்தம். ஆனாலும் எந்தப் பழத்தையும் கழுவித் தின்பதே நல்லது. கொட்டகையில் அதற்கு ஒரு தொட்டியும் குழாயும் உண்டு.

சாறு, சட்டம், வெடித்த புட்டிகள்

வெளிநாடுகளில் இதுபோன்ற சிறு தோட்டங்களில் பெரும்பாலும் ஒயின்தான் விற்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 1976-ல் ஒரு சட்டம் வந்தது. தன் தோட்டத்துப் பழத்தைத் தானே ஒயினாக்கி, வருகிறவர்களுக்கு ருசி காட்டி நேரடியாக விற்கச் சிறு விவசாயிக்கு அது வழிசெய்தது. அதற்கு முன் அங்கும் பெரிய ஆலைகளின் கொள்முதலையே நம்பியிருந்தார்கள். சட்டம் வந்தபின் ஏரிக்கரைகளில் குடும்பத் தோட்டங்களும் சுவைக்கூடங்களும் பெருகின. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கொடி நட்டு அதில் இறங்குவதும் அங்கே வழக்கமாயிற்று. நம் நாட்டில் மகாராஷ்டிரம் 2001-ல் திராட்சைப் பதனத்துக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. நாசிக் பக்கம் தோட்டத்தோடு சேர்ந்த சுவைக்கூடங்கள் பிறகு வந்தன.

தமிழ்நாட்டில் உரிமமின்றி ஒயின் தயாரிப்பதும் விற்பதும் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கடைக்கு வருகிறவர்களில் வாரத்துக்கு ஒருவராவது, "ஐயா, வீட்டு ஒயின் இருக்குதா?" என்று தணிந்த குரலில் கேட்காமலிருப்பதில்லை. "இருந்தா நான் ஜெயில்ல இருப்பேன் தம்பி" என்று பெரியவர் உரக்கவே பதில் சொல்கிறார்.

விற்பது சாறு. அதிலும் ஒரு பாடம் படித்தார்கள். திராட்சைத் தோலிலும் காற்றிலும் ஈஸ்ட் எப்போதும் உண்டு. பிழிந்த சாற்றைச் சும்மா வைத்தால், நம் வெயிலுக்கு மறுநாளே நுரைக்கத் தொடங்கும். இறுக மூடிய புட்டியில் அந்த வாயு போக வழியில்லை. முதல் ஆண்டு கொட்டகையில் அடுக்கிய புட்டிகளில் ஏழு ஒரே இரவில் வெடித்தன. பட்டாசு என்று எண்ணி நாய் ஊளையிட்டதாம். நல்லவேளை, ஆள் யாரும் பக்கத்தில் இல்லை.

இதற்கு விடை நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் வெல்ச் என்ற பல் மருத்துவர், மது கூடாது என்னும் கொள்கையுடையவர். தேவாலயப் பூசையில் ஒயினுக்குப் பதில் புளிக்காத சாறு வேண்டும் என்று 1869-ல் முயன்றார். சாற்றைப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்து ஈஸ்டைக் கொன்றார். சாறு புளிக்கவில்லை. இன்றும் வழி அதுவே. இங்கே மனைவி செய்யும் முறை: உதிர்ந்த நல்ல பழங்களை மட்டும் எடுத்துக் கழுவி, மசித்து, மெல்லச் சூடாக்கி, நிறம் இறங்கியதும் வடிகட்டுகிறார். சர்க்கரைப் பாகும் சிறிது சிட்ரிக் அமிலமும் சேர்த்து ஸ்குவாஷ் ஆக்குகிறார். கொதிநீரில் சுத்தம் செய்த புட்டியில் சூடாகவே நிரப்பி மூடிவிடுகிறார். ஸ்குவாஷ் என்று பெயரிட்டு விற்றால் பழச்சாறு 25 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. கரைந்த திடப்பொருள் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. சிறு தயாரிப்பாளர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். புட்டியில் தயாரித்த நாள், பொருள்கள், பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். அழுகிய பழம் ஒன்றுகூடச் சாற்றில் சேரக் கூடாது என்பது மனைவியின் தனிச் சட்டம். கடையில் மிஞ்சியதைச் சாறாக்கிவிடலாம் என்ற எண்ணத்தோடு யாரும் இதில் இறங்க வேண்டாம். புளித்த பழம் புளித்த சாற்றைத்தான் தரும்.

உலர் திராட்சை போட்டுப் பார்த்தார்கள். பன்னீரில் விதை உண்டு. காய்ந்தபின் விதையும் தோலும்தான் பல்லில் படுகின்றன. கைவிட்டார்கள்.

சாலை வெறிச்சோடிய ஆண்டுகள்

சாலையை நம்பிய கடைக்குச் சாலை நின்றால் எல்லாம் நிற்கும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம்; இடுக்கி மாவட்டத்தில் நிலச்சரிவுகள். வெள்ளம் வடிந்தபின்னும் செப்டம்பர், அக்டோபர் முழுவதும் தேக்கடிக்குச் சுற்றுலா வண்டிகள் வரவில்லை. முதல் பங்குப் பழம் அப்போதுதான் கனிந்து நின்றது.

2020 அதைவிட மோசம். மார்ச் 25-ல் ஊரடங்கு. குமுளிச் சோதனைச் சாவடி மூடியது. ஏப்ரலில் பழம் பழுத்தது. தின்று பார்க்க யாரும் இல்லாத மேஜையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெரியவர் டி.வி.எஸ். வண்டியில் இரண்டு கூடை கட்டிக்கொண்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போனார். ஹாரன் அடித்துக்கொண்டே தெருத் தெருவாக விற்றார். பாதி விலைதான். "முப்பது வருஷம் பஸ்ல அடிக்காத ஹாரனை அந்த ரெண்டு மாசத்துல அடிச்சேன்" என்கிறார். மீதியை எடுக்க அந்தப் பழைய வியாபாரியிடமே போக வேண்டியிருந்தது. அவரும் எடுத்துக்கொண்டார். விலை குறைவுதான், ஆனால் பழம் கொடியில் அழுகவில்லை.

அதிலிருந்து இவர்கள் வியாபாரியை முற்றிலும் ஒதுக்குவதில்லை. கடை நன்றாக நடக்கும் ஆண்டிலும் ஒரு பகுதியை அவருக்குக் கொடுத்துக் கணக்கை உயிரோடு வைத்திருக்கிறார்கள். நேரடி விற்பனை பற்றிக் கூட்டங்களில் பேசுவோர் இதைச் சொல்வதில்லை. நாலு டன் பழம் ஒரே சமயத்தில் பழுத்து நிற்கும்போது சாலையில் போகிறவர்கள் அதைத் தின்று தீர்த்துவிட முடியாது. பெரும் விளைச்சலுக்கு வியாபாரி வேண்டும். கடை இருப்பதால் வியாபாரியிடம் விலை பேசும்போது சற்று நிமிர்ந்து பேச முடிகிறது. "நூத்திப் பத்து நாளுக்கு முன்னால கத்தரி வைக்கக் கூடாது" என்று சொல்ல முடிகிறது. முன்பணம் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். முன்பணம் வாங்கினால் பறிக்கும் நாள் நம் கையில் இருக்காது.

வயது ஒரு கணக்கு

கையில் என்ன நிற்கிறது என்று கேட்டால் மனைவி நோட்டை எடுத்துவருகிறார். பள்ளிக்கூட நோட்டு. இடது பக்கம் செலவு, வலது பக்கம் வரவு, ஒவ்வொரு பங்குக்கும் தனிப் பக்கம். இருவர் உழைப்புக்கும் அதில் கூலி எழுதவில்லை. எழுதினால் சில ஆண்டுகளில் வலது பக்கம் தோற்றுவிடும் என்பதை அவரே சொல்கிறார். ஓய்வூதியம் இல்லாமல் எண்பது சென்ட் திராட்சையை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நடத்த முடியாது. ஓய்வூதியத்தோடு சேர்ந்தால் யாரிடமும் கை நீட்டாமல் இருக்கலாம், மருந்துச் செலவுக்கு மகன்களைக் கேட்க வேண்டியதில்லை. மகன்களும் இப்போது மனைப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் விடுமுறைக்கு வந்தால் கடையில் உட்காருகிறார்களே தவிர, கத்தரி பிடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

ஏழடிப் பந்தலின் அடியில் கையை உயர்த்தியபடி நாள் முழுவதும் குலை திருத்துவது தோளுக்குக் கடுமையான வேலை. மனைவிக்கு வலது தோள் இப்போது பாதிதான் எழும்புகிறது. இரண்டு பெண் ஆட்களுக்கு அவர் கவாத்துப் பழக்கியிருக்கிறார். கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கிளை மெலிசு, ரெண்டு கணு போதும் பாப்பா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர்களில் ஒருவருக்கு நான்காவது பங்கைக் குத்தகைக்கு விடலாம் என்ற பேச்சு நடக்கிறது. லாட்டரிச் சீட்டைப் பிறர் கையில் கொடுக்கப் பெரியவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

அதற்குள் இன்னொன்று வந்திருக்கிறது. கல்தூண்கள் உறுதியாக நிற்கின்றன. ஆனால் பத்தாண்டு தாண்டிய கம்பி பல இடங்களில் துருவேறிவிட்டது. போன பருவத்தில் இரண்டாவது பங்கில் ஒரு கம்பி அறுந்து, பழத்தோடு ஒரு வரிசை தாழ இறங்கியது. முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். நான்கு பங்குக்கும் கம்பி மாற்றினால் இன்னும் பதினைந்து ஆண்டுக்குக் கவலையில்லை என்கிறார் பந்தல்காரர். பதினைந்து ஆண்டு யாருக்கு என்பதுதான் வீட்டில் இப்போதைய கேள்வி. முதல் பங்கில் மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்பது பெரியவர் எண்ணம். மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தொடக் கூடாது என்பது மனைவியின் எண்ணம். கிளைகள் வெட்டுப்பட்டுப் பந்தல் வெறுமையாக இருக்கும்போதுதான் கம்பி இழுக்க முடியும். டிசம்பர் கவாத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும்.